ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த சர்வர்

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்குக் கணினி வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யார் யார் வந்தார்கள், எந்த லாரியில் எத்தனை குலை ஏறியது, எல்லாம் ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரு பெட்டியில் பதிவாகும். அந்தப் பதிவு வேலையை நடத்துவது அப்ளிகேஷன் சர்வர் என்ற மென்பொருள். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதைப் பராமரிப்பது கம்பெனி அல்ல, லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை. பல நாட்டுக்காரர்கள் அதில் சம்பளம் வாங்காமல் உழைக்கிறார்கள்.

பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டு இதைப் போடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். "கெட்டுப்போனா யாரைக் கூப்பிட்டுத் திட்டுறது?" என்று மேனேஜர் கேட்டார். "என்னைத் திட்டுங்க சார்" என்றேன். எனக்கு வாய் அதிகம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி டிராக்டர், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். என் பெட்டிக்கும் வைத்து, மாலை போட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் காலை சர்வர் எழும்பவில்லை.

"எல்லா ஆயுதத்துக்கும் ரெஸ்ட் குடுத்தேன் தங்கச்சி. இதை மட்டும் விட்டா பாவம்லா" என்றார். வந்த கோபத்தில் அந்த மாலையைப் பிய்த்துப் போட்டிருப்பேன்.

"மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா பழசுக்கே போயிடுவோம். நீயும் வேற வேலை பாத்துக்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றைய பெரட்டைத் தாளில் எழுதினார்கள்.

பாதியில் அறுந்த ஒரு பதிவுக் கோப்பில் சர்வர் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஃபோல்டரையே அழித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. பயந்துபோய் அறக்கட்டளையின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். பதினோரு மணிக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து பதில் வந்தது: அழிக்க வேண்டாம், அதில் முடியாத பதிவுகள் இருக்கும், நகல் எடுத்துவிட்டு, கெட்ட ஒரே ஒரு கோப்பை மட்டும் நகர்த்திவிட்டுக் கிளப்புங்கள்.

கிளம்பியது. பூஜைக்கு முந்தின நாள் ஏறிய குலைகூட ஒன்றும் விடாமல் இருந்தது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாடா என்று இருந்தது.

நன்றி எழுதும்போது மின்சாரம் போன காரணத்தையும் சொன்னேன். "எங்கள் மென்பொருளை இதுவரை திட்டத்தான் செய்திருக்கிறார்கள், யாரும் கும்பிட்டதில்லை" என்று அவர் பதில் எழுதினார். முறையாக நிறுத்துவது எப்படி என்று அவர்களுடைய கையேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. நானே எழுதி அனுப்பினேன். நாலு பேர் படித்துத் திருத்திச் சேர்த்துக்கொண்டார்கள். அதைத் தமிழிலும் அச்சடித்துப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன்.

இந்த வருஷம் பூஜையன்று லீவு போட்டு, ராசா என்ற ஊரில் இருக்கும் என் வீட்டில் இருந்தேன். கிராணி போன் பண்ணினார்.

"தங்கச்சி, நீ ஒட்டுன தாள்படி எல்லாம் செஞ்சிட்டேன். சந்தனமும் ரெடி. அணைச்சிடவா?"

"அணைங்கண்ணே" என்றேன். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.