மோட்டார் வைத்த புஸ்புஸ்

பெண்பிள்ளை வண்டி ஓட்டுவதா என்று கேட்ட எல்லோருக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன். எட்டு வயதிலிருந்து ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், இத்தனை நாள் நீங்கள் பார்க்கவில்லையா என்றேன். வாய்க்கொழுப்பு என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

புதுச்சேரியில் அப்போது புஸ்புஸ் என்றொரு வண்டி இருந்தது. அகலமான நாற்காலிக்கு நான்கு சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். பின்னால் ஓர் ஆள் நின்று தள்ளுவார். முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பி மட்டும் உட்கார்ந்திருப்பவர் கையில். துரைமார் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகவென்று வந்த வண்டி அது. எனக்குப் பள்ளிக்கூடம் போக. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் வலது கால் சூம்பிப்போயிருந்தது. வீட்டுக்குள் கோல் ஊன்றி நடப்பேன். தெருவில் நாலு வீடு தாண்டினால் இடுப்பு விட்டுப்போகும். அதனால் அப்பா, தாம் இருந்த காலத்திலேயே, ஒரு பழைய புஸ்புஸ்ஸை வாங்கி, தள்ளுவதற்கு ஓர் ஆளையும் ஏற்பாடு செய்திருந்தார். அதில் போய்த்தான் படித்தேன். அதில் போய்த்தான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலையும் பார்த்தேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு துரை வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சைக்கிள் ரிக்‌ஷா பெருகியது. என் வண்டியைத் தள்ளியவருக்கு மில்லில் வேலை கிடைத்தது, போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்; யாருக்குத்தான் ஆயுசு முழுக்க ஒருத்தியைத் தள்ளிக்கொண்டே இருக்க ஆசை வரும்? நானும் ரிக்‌ஷாவில் போய்ப் பார்த்தேன். அதன் படி உயரம். தினம் காலையில் ரிக்‌ஷாக்காரர் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைப்பார், தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்க்கும். அந்த நேரத்தில் எனக்கு வருகிற அவமானத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. மழை என்றால் அவர் வரவும் மாட்டார். நான் பள்ளிக்குத் தாமதமாகப் போவது வழக்கமாகிவிட்டது.

கோடை விடுமுறைக்கு முன்னால் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். பெரிய டீச்சர் என்போம் அவரை. "பள்ளிக்கூடம் தெறக்கிற அன்னிக்கி மணி அடிக்கிறதுக்கு முன்ன நீ வாசல்ல இருக்கணும். இல்லன்னா அந்த எடத்துக்கு வேற ஆள் பார்த்து வெச்சிருக்கேன்" என்றார்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தில் கவலையே இல்லை. "விட்டுடு. வீட்டுல ஒக்காந்து சாப்புடு. ஒனக்கு நான் என்னா கொறை வெச்சிருக்கேன்?" என்றார். அவர் நகராட்சி ஆபீஸில், ஊர் வழக்கில் சொன்னால் மேரியில், குமாஸ்தா. நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் நல்லவராக இருப்பதற்கு நான் உட்கார்ந்தே இருக்க வேண்டியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மோட்டார் யோசனை அண்ணிக்குத்தான் முதலில் தோன்றியது. எங்கள் பின்தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை அப்படித்தான் சொல்வோம். அவருடைய வெலோ, அதாவது மோட்டார் வைத்த சைக்கிள், சுவரில் மோதி நெளிந்து அவர் வீட்டு முற்றத்தில் கிடந்தது. அண்ணி பாகூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். கிணற்றடி ஆயில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பி வளர்ந்தவர். அந்த வெலோவைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "சங்கிலி கிங்கிலி ஒண்ணும் கெடையாது. மோட்டாருக்கு அடியில ஒரு உருளை. அது டயரை ஒரசிக்கிட்டு சுத்துது, டயரும் கூடவே சுத்துது. நம்ம வண்டிச் சக்கரத்து மேல ஏன் அது ஒக்காராது?" என்றார். சொல்தாவிடம் கேட்டோம். எடுத்துக்கொண்டு போனால் முற்றம் சுத்தமாகும் என்றார்.

விடுமுறை முழுக்கக் கொல்லையில் வேலை நடந்தது. நானும் அண்ணியும் வண்டியின் கூரையை அறுத்து எறிந்தோம். நானே ஏறி இறங்கும்படி இருக்கையைத் தாழ்த்தினோம். சைக்கிள் கடை பாய் மோட்டாரைத் தாங்க இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தார். மோட்டாரைத் தூக்கி இறக்க என் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு நெம்புகோலும் வைத்தார். புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது, பாதியோடு வெட்டிவிட்டோம். அதனால் சத்தம் காதைப் பிளக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

அண்ணன் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் மேரியில பெர்மி வாங்கணும் தெரியுமா?" லைசென்ஸைத்தான் சொன்னார்.

"புஸ்புஸ்ஸுக்கு எந்தக் காலத்துலண்ணே பெர்மி கேட்டாங்க?"

"கறுப்பாவாச்சும் பெயிண்ட் அடி. யாரு கண்ணுலயும் படாம போகும்."

மறுநாளே சிவப்புப் பெயிண்ட் வாங்கினோம். ரத்தச் சிவப்பு. அது காய்ந்ததும் அண்ணி கோலம் போடுகிற கையால் இரண்டு பக்கமும் மஞ்சளில் நெருப்புக் கொழுந்து வரைந்தார், முன்னாலிருந்து பின்னால் காற்றில் பறக்கிற மாதிரி. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் ஆபீஸ் போனார். அண்ணி அவருடைய சோற்றை எனக்குப் போட்டார்.

ஒரு மத்தியானம் தெருவே தூங்குகிற நேரத்தில் வண்டியை வெளியே கொண்டுவந்தோம். அண்ணி ஒரு தள்ளுத் தள்ளினார், நான் நெம்புகோலை இறக்கினேன், மோட்டார் பிடித்துக்கொண்டது. வீடுகள் இரண்டு பக்கமும் நகர்ந்தன. என் முதுகுக்குப் பின்னால் யாருடைய மூச்சும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தெருக்கோடி நெருங்கியதும், எப்போதும் செய்கிறபடி தலையை லேசாகத் திருப்பி, "நில்லு" என்றேன்.

யார் நிற்பார்கள்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. புஸ்புஸ்ஸுக்குப் பிரேக்கே கிடையாது. தள்ளுகிற ஆள்தான் பிரேக். ஒரு மாதம் அந்த வண்டியை அறுத்து ஒட்டியிருக்கிறோம், எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. நெம்புகோலைத் தூக்கினேன், மோட்டார் விலகியதே தவிர வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எதிரே சுவர். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் ஓரமாகக் கிடந்தது. கம்பியைத் திருப்பி அதில் போய்ப் புதைந்தேன். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார். நான் தலையெல்லாம் மணலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று மாலையே, பின்சக்கரத்தில் அழுந்தும்படி ஒரு மரக்கட்டையைக் கயிறு கட்டிப் பொருத்தினோம். மாட்டு வண்டியில் அப்படித்தான் என்றார் அண்ணி.

பள்ளி திறக்கிற நாள் வந்தது. அண்ணன் எனக்கு முன்பே சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டார். நான் போவதைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. நான் தடதடவென்று தெருவையே எழுப்பிக்கொண்டு போனேன். பெரிய மார்க்கெட் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கே மீன் கூடைகளிலிருந்து ஒழுகிய தண்ணீர் ரோடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் அதில் இறங்கியதுதான் தாமதம், உருளை நனைந்த டயரில் வழுக்க ஆரம்பித்தது. மோட்டார் அலறுகிறது, வண்டி இம்மியும் நகரவில்லை. கூட்டம் கூடியது. "மாட்டைப் பூட்டும்மா" என்றது ஒரு குரல். பூக்காரப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்க அதிக நேரம் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். மார்க்கெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். அவமானத்தில் முகம் கருத்திருந்தது. "எறங்கு" என்றார்.

"எறங்க மாட்டேன்."

"மானம் போவுது. வீட்டுக்குப் போலாம்" என்றவர், சைக்கிளை ஒரு கடையோரம் சாத்திவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்று தலையைக் குனிந்துகொண்டு தள்ள ஆரம்பித்தார். வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் கம்பியை இடப்பக்கம் ஒடித்தேன்.

"எங்க திருப்புற?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"திருப்பு இந்தப் பக்கம்!"

நான் திருப்பவில்லை. பின்னால் காய்கறி மூட்டை ஏற்றிய கட்டை வண்டிக்காரர், "தள்ளுய்யா, நடுரோட்டுல நின்னுக்கிட்டு" என்று கத்தினார். நின்றால் ஊர் சிரிக்கும், தள்ளினால் நான் போகிற இடத்துக்குத்தான் போகும். அண்ணன் தள்ளினார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அதற்காகக் கம்பியை விடவில்லை.

பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இன்னும் அடிக்கவில்லை. பெரிய டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். சிவப்பு வண்டியைப் பார்த்தார், மஞ்சள் நெருப்பைப் பார்த்தார், பின்னால் வேர்த்து வழிந்துகொண்டு நின்ற அண்ணனைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பிடி ஒரு அண்ணன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். கூடப்பொறந்தவளுக்காகத் தானே தள்ளிக் கொண்டாந்து விட்டிருக்காரே!"

அண்ணன் மறுக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, லேசாகச் சிரிக்கவும் சிரித்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார், இதையாவது விட்டுக்கொடேன் என்பதுபோல. சும்மா இருந்திருக்கலாம். எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். ஆனால் அந்த ஒரு மாத வேலையையும், எங்கள் இரண்டு பேர் கையில் இருந்த கிரீஸையும் அவர் பேருக்கு எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கோலை ஊன்றி, யார் கையும் பிடிக்காமல் இறங்கினேன்.

"நான்தாங்க டீச்சர் வந்தேன்" என்றேன். "அவரு பின்னால வந்தாரு."