பொலிஸ் மறந்ததும் அண்ணை மறக்காததும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒஸ்லோவில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு மார்ச் மாதம் அது. உணவகத்தில் கோப்பை கழுவியே முதுகு போன என் கணவருக்கு, எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த பாலர் பள்ளியில் வேலை கிடைக்கப்போகிறது என்று தகவல் வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிற மனிதர் அவர்.

பாலர் பள்ளித் தலைவி இன்னும் இரண்டு விஷயங்கள்தான் கேட்டிருந்தார். ஒன்று பொலிஸ் சான்றிதழ். மற்றது, அவரைப் பற்றி விசாரிக்க ஓர் ஆளின் தொலைபேசி இலக்கம்.

பொலிஸ் என்றதும் மனிதரின் முகம் செத்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பதினெட்டு வயதில், தமிழ் ஆட்களின் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றில் யாருக்கோ கைநீட்டி, பொலிஸ் வந்து, அபராதம் கட்டியவர். அதற்குப் பிறகு ஒருவரோடும் குரலுயர்த்திக்கூடப் பேசியதில்லை, என்னைத் தவிர. "சின்னப் பிள்ளையளோடை வேலை. அதைக் கண்டா ஆர் என்னை எடுப்பினம்?" என்று சாப்பிடாமல் திரிந்தார்.

சான்றிதழ் இணைய அஞ்சல்பெட்டிக்கு வந்தபோது அவர் திறக்கமாட்டேன் என்றுவிட்டார். நான்தான் திறந்தேன். ஒன்றுமில்லை! ஒரு பதிவும் இல்லை! அத்தனை பழைய, சின்னக் குற்றம் இப்படியான சான்றிதழில் வராது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். இவர் குசினித் தரையிலேயே இருந்து சிரித்தார். நான் கேசரி கிண்டத் தொடங்கினேன்.

கேசரி இறக்கவில்லை, தொலைபேசி அடித்தது. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணை. அவருடைய இலக்கத்தைத்தான் விசாரிக்கக் கொடுத்திருந்தோம். இங்கே எல்லோரும் பழைய முதலாளியின் இலக்கத்தைக் கொடுப்பார்கள். எங்களுக்கோ ஊர் நினைப்பு, நற்சான்று என்றால் நாலு பேர் மதிக்கிற பெரிய மனிதர்தானே தர வேண்டும்?

"தங்கச்சி, அந்தப் பாலர் பள்ளி மனிசி போன் எடுத்தவா. நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. அந்த அடிபாட்டு நேரம் பொலிசிலை போய்க் கூட்டிக்கொண்டு வந்தது நான்தானே, அதையும் சொன்னனான். எப்பிடித் திருந்தின பெடியன் எண்டு அவவுக்கும் விளங்க வேணுமே."

குரலில் அப்படி ஒரு பெருமை. அந்த மனிதரை என்னவென்று ஏசுவது? "ஓம் அண்ணை, பெரிய உபகாரம்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன். பொலிசே விட்டுவிட்ட கதையை எங்கள் அண்ணை அன்போடு கொண்டுபோய்ப் பாலர் பள்ளி வாசலில் இறக்கியிருந்தார். கேசரி அடிப்பிடித்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் இவர் ஜாக்கெட்டை மாட்டினார். நானும் ஓடினேன். சேற்றில் வழுக்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கப் பாலர் பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைவி ஒரு கையில் யாரோ பிள்ளையின் கையுறையோடு வெளியே வந்தார். இவர் கைப்பேசியில் சான்றிதழைக் காட்டி, அந்தச் சண்டைக் கதையைத் தொடங்கினார். தலைவி கையுறையோடு கையைத் தூக்கி, போதும் என்று இவரை நிறுத்தினார்.

சான்றிதழில் இல்லாததைத் தான் கேட்பதில்லை என்றார். அதை அண்ணையிடமும் சொன்னாராம், அவர்தான் நிறுத்தவில்லையாம். பிறகு சிரித்துக்கொண்டு, "உங்களுக்காக ஒருவர் இத்தனை வருடமாக நிற்கிறார். எனக்கு அதுதான் மனதில் நின்றது. திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

திரும்பும் வழி முழுவதும் இவர் அழுதார், நான் சிரித்தேன். புதிதாகக் கேசரி கிண்டி அண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்களை என்ன பாடு படுத்தினார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்போதும் எந்த விருந்திலாவது யாராவது, "அவன் முந்தி எப்பிடித் திரிஞ்சவன் தெரியுமோ" என்று தொடங்கினால், அவன் பெண்சாதியும் எங்கோ ஓர் அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து, நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.