நாற்பது வண்டி கடந்து வந்த இடி

நாகையாவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் இருந்தது ஒரே ஆசைதான், ரயில் கார்டு வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் யார்டில் சரக்கு வண்டிகளைக் கோத்தும் கழற்றியும் பதினாறு வருடம் போயிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, கொடியும் விசிலுமாகக் கடைசிப் பெட்டியில் நின்று கிள்ளானுக்குப் போய்வர வேண்டும். காலியாக இருந்ததோ ஒரே இடம். அதற்குப் போட்டியாக வந்தான் பாலன், மூன்றே வருட சர்வீஸ்காரன். இங்கிலீஷ் பேசுவான், எல்லாரிடமும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே நாகையாவுக்கு வயிறு எரியும்.

கார்டு பரீட்சைக்கு மாலை வகுப்பு எடுத்தவர் லியனார்ட் மாஸ்டர். அவர் கை காட்டும் ஆளுக்குத்தான் வேலை. ஒருநாள் கயிற்றை ஜன்னலில் கட்டி, நடுவில் சிவப்பு நாடா முடிந்து, மறுமுனையை உதறினார். அலை ஜன்னல் வரை ஓடியது. நாடா மேலும் கீழும் ஆடியதோடு சரி.

“இது குறுக்கலை. போற திசைக்குக் குறுக்க ஆடுது. சத்தம் நெட்டலை, போற திசையிலேயே முன்னும் பின்னும் தள்ளும். அதுக்கு ஒரு உதாரணம் யோசிச்சிட்டு வாங்க,” என்றார்.

வீடு திரும்பும் வழியில் நாகையாவின் வாய் சும்மா இருக்கவில்லை. “நம்ம வண்டி வரிசைதான் பாலா. எஞ்சின் ஒரு முனையில முட்டுனா இடி வண்டிக்கு வண்டி கைமாறி நாப்பதாவது வரைக்கும் போயிடும். எந்த வண்டியும் ஒரு சாணுக்கு மேல நகராது.”

அடுத்த வகுப்பில் பாலன் முந்திக்கொண்டு எழுந்து அதையே இங்கிலீஷில் சொன்னான். மாஸ்டர் தட்டிக்கொடுத்தார். “நீதான்லா கார்டு,” என்றது பின்வரிசை. பாலன் அதைத் திருட்டாகவே நினைக்கவில்லை. அதுதான் நாகையாவை இன்னும் எரித்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை, வரிசையின் கடைசி இரண்டு வண்டிகளுக்கு நடுவே குனிந்து பாலன் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான். தள்ளி நின்ற நாகையா, தூரத்து முனையில் எஞ்சின் வந்து முட்டுவதைப் பார்த்தார். முட்டக் கூடாத நேரம் அது. இடி டக், டக் என்று வண்டி வண்டியாகக் கிளம்பியது. கடைசி வண்டிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? மூன்று மூச்சு விடலாம். இரண்டை அவர் சும்மா விட்டார். ‘போகட்டுமே’ என்றது மனசு, வெட்கமே இல்லாமல். மூன்றாவதில்தான், “பாலா, வெளிய வா,” என்று கத்தினார்.

வண்டி ஒரு சாண்தான் நகர்ந்தது. உடம்பை இழுத்துக்கொண்ட பாலனுக்குக் கையை இழுக்க நேரமில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனார் நாகையா. பாலன் நல்ல கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க கத்தலைன்னா நெஞ்சே நசுங்கியிருக்கும்ணே. கார்டு வேலைக்கு உங்க பேரைத்தான் எழுதணும்னு மாஸ்டர்கிட்ட நானே சொல்லிட்டேன்.”

அந்த வேலையில் நாகையா பதினொரு வருடம் இருந்தார். அந்த இரண்டு மூச்சைப் பற்றிப் பாலனிடம் சொல்ல ஒருநாளும் அவருக்கு வாய் வரவில்லை.