காருக்கு வயது கூடிய நாள்

என் பழைய காரின் கறுப்பு ரப்பர் பம்பர்களைக் கழற்றிவிட்டு, முந்தைய மாடலின் குரோம் பம்பர்களை மாட்டி, இன்றுதான் உட்லண்ட்ஸ் பட்டறையிலிருந்து ஓட்டி வந்தேன்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் நிறுத்தி, ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு காரைப் பார்த்தபடி நின்றேன். கடைவீடுகளின் வண்ண ஜன்னல்கள், மேகம், நடந்துபோகிறவர்கள் எல்லாம் குரோமில் வளைந்து மிதந்தன. கையில் தேநீர் ஆறியதுகூடத் தெரியவில்லை.

எதிர்க்கடை பாய் வந்தார். அறுபது இருக்கும், தலைமுடி மட்டும் கன்னங்கரேல்.

"எங்க வாப்பா வெச்சிருந்த காரு இதுதான்!" என்று பம்பரைத் தடவினார்.

உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. தலையாட்டினேன்.

அவர் ஜன்னல் வழியே டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார்.

"இல்லயே, இது பின்னால வந்த மாடலாச்சே. பம்பர மாத்திட்டீங்களா? எல்லாரும் வயச குறைப்பாங்க, நீங்க கூட்டிட்டீங்க லா!"

அவருடைய தலைச்சாயமும் குரோமில்தான் மினுங்கிக்கொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள், எங்கள் இருவரில் யார் பெரிய புளுகர்?