எத்தெல்கா சிஸ்டரின் இடது முன் சக்கரம்

கிங்காவுக்கு அந்தப் பேச்சு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. நவம்பர் இரண்டாம் வாரம். பனிக்கால டயர் இல்லாமல் வண்டி எடுத்தால் போலீஸ் மடக்கும் காலம் தொடங்கிவிட்டதால், லாயோஷ் மாமாவின் டயர் கடை முன்னால் கார்கள் தேவாலயத் திருப்பம் வரைக்கும் நின்றன. கிங்கா சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எத்தெல்கா சிஸ்டர் வெள்ளைக் கோட்டின் மேல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு மாமாவின் முன் நின்றார்.

“பஞ்சர் இல்ல சிஸ்டர்,” என்றார் மாமா. “தொட்டியில முக்கிப் பாத்தாச்சு. ஒரு கொப்புளம்கூட வரல.”

“அப்ப காத்து எங்க போச்சு, லாயோஷ்?”

“குளிருக்குக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.”

“நாலு டயருக்கும் ஒரே குளிர்தானே? இது ஒண்ணு மட்டும் சாயங்காலம் ரெண்டு புள்ளி ரெண்டு, காலையில ஒண்ணு புள்ளி நாலு.”

“உங்க மீட்டர் சரியில்லாம இருக்கும்.”

“கைக்குழந்தைய பத்து கிராம் தப்பில்லாம நிறுக்கிறவ நான். எனக்கு மீட்டர் பாக்கத் தெரியாதா?”

மாமா கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “வீட்டுல ஆம்பளை யாராவது இருந்தா அனுப்புங்க சிஸ்டர். விளக்கிச் சொல்லிடுறேன்.”

“ஒரு சேவல் இருக்கு. அனுப்பவா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு வால்வு பின்னைப் புதிதாக மாற்றி, காற்று நிரப்பி, சக்கரத்தைப் பூட்டி, அதன் முகப்பை மூடும் வீல் கப்பை மாட்டினார். அது கழன்று விழாமலிருக்க, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் இரண்டைத் தன் கையாலேயே போட்டு இறுக்கினார். காசு வாங்கவில்லை. கடையின் உபசாரம் என்றார். கிங்கா சீட்டில் ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தினாள். அப்படி அவள் எழுதியது அது மூன்றாவது சீட்டு.

அந்தப் பக்கத்தில் வீல் கப்பைக் கட்டாமல் ஓட்டுகிறவர்கள் கிடையாது. செர்பியாவின் வடக்கில், திசா ஆற்றங்கரை வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகளுக்குத் தார்ச்சாலை இல்லை, டிராக்டர் தடம்தான். அந்தப் பள்ளங்கள் வீல் கப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வசந்தத்தில் உழும்போது, தோண்டாமல் விட்ட உருளைக்கிழங்கோடு வீல் கப்புகளும் மண்ணிலிருந்து கிளம்பும். அதனால் டேக் போட்டுக் கட்டிக் கொடுப்பது லாயோஷ் கடையின் மரியாதை. வேண்டியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டுவார். எத்தெல்கா சிஸ்டர் அவருக்கு மிகவும் வேண்டியவர். மாமாவின் இரண்டு பிள்ளைகளையும் பிறந்த வாரத்தில் வீட்டுக்கு வந்து எடை பார்த்தவர் அவர்தான்.

சிஸ்டரின் வேலையே அதுதான். இருபத்தாறு வருடமாக நகர சுகாதார நிலையத்தின் சின்ன வெள்ளைக் காரில் பண்ணை வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் பார்ப்பது. அவரும் ஒரு பண்ணையில் பிறந்தவர், நான்கு பெண்களில் மூன்றாவது. நோவி சாத் நகரத்தில் நர்ஸ் படிப்பு முடித்ததும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், அங்கே லிஃப்ட் இருக்கிறது, அதனால் கால் மரத்துப் போகிறது என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போகிற வீட்டில் ஒரு காப்பி குடிப்பார். கசகசா ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டினால், அதைப் பெற்றவளின் பக்கம் தள்ளிவிடுவார்.

அந்த நவம்பர் தொடக்கத்தில் மாமா பனிக்கால டயர் மாட்டி வீல் கப்பைக் கட்டிக் கொடுத்த நாள் முதல் சிஸ்டருக்குத் தலைவலியாக வந்தது இடது முன் டயர். மாமாவிடம் மூன்று முறை போனார். நடுவில் பஸ் நிலையத்துப் பக்கமுள்ள கடைக்கும் போனார். அங்கே ரிம் வளைந்திருக்கும் என்றார்கள். கழற்றிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். பழைய டேக்கை வெட்டிப் போட்டுவிட்டு அதே துளையில் புது டேக் போட்டுக் கட்டினார்கள். நெடுஞ்சாலைக் கடையில் வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. டிசம்பரில் வாருங்கள் என்றார்கள்.

இதற்குள் இரண்டு காலைகளில் அந்த டயர் தரையோடு அமுங்கி, கார் கிளம்ப முடியாமல் நின்றுவிட்டது. சுகாதார நிலையத் தலைவர் டாக்டர் ராதிவோய் கறார்க்காரர். அவர் சிஸ்டரைக் கூப்பிட்டு, கோளாறு என்ன என்று டயர் கடையின் முத்திரையோடு வெள்ளிக்கிழமைக்குள் தாள் வேண்டும், இல்லையென்றால் வண்டி லாயக்கில்லை என்று எழுதிப் பண்ணை வீடுகளுக்குப் போகும் வழியை நிறுத்திவிடுவேன், தாய்மார்கள் பஸ் பிடித்து நகரத்துக்கு வரட்டும் என்றார். கையிலிருந்த தாள்களிலோ ‘குறை ஏதும் இல்லை’ என்றுதான் இருந்தது. அது எந்தக் குற்றச்சாட்டையும்விட மோசம். குறை இல்லாத வண்டி ஏன் நிற்கிறது?

பண்ணை வழியின் கடைசி வீட்டில் போரிஷ்கா என்ற பெண் இருந்தாள். மாதம் நிறையாமல் இரட்டைப் பிள்ளை பெற்றவள். பஸ் நிற்கும் இடம் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், முழுக்கச் சேறு. இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவள் அந்த வழியில் நடப்பதை சிஸ்டரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

புதன்கிழமை அந்த வீட்டில்தான் அது நடந்தது. பின்னால் சிஸ்டரே சொன்னது இது. இரட்டையரில் சின்னவன் இரண்டு நாளாக விடாமல் அழுகிறான் என்றாள் போரிஷ்கா. நிறுப்பதற்காகத் துணியை அவிழ்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டான். உடம்பில் ஒன்றும் இல்லை. திரும்பவும் உடுத்தியதும் அழுதான். சிஸ்டர் இந்த முறை எதையும் அவிழ்க்கவில்லை. உடுத்தியபடியே மடியில் போட்டு, உச்சியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். கணுக்காலில், கம்பளிக் காலுறையின் நாடா சதையில் பதிந்திருந்தது. அக்கறையாகக் கட்டிய முடிச்சு. சின்னவனுக்குக் குளிரக்கூடாதே என்று.

நாடாவைத் தளர்த்தியபடி சிஸ்டர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வியாழக்கிழமை காலை கடை திறக்கும்போது வெள்ளைக் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வண்டி போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. சிஸ்டர் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கையில் குழந்தைகளைக் குளிப்பாட்டும் சோப்பைக் கரைத்த சின்ன பாட்டில், கொஞ்சம் பஞ்சு.

மாமா வெளியே வந்து, இன்று முடியாது, பதினெட்டு வண்டி காத்திருக்கிறது என்றார். தன் வண்டி பத்தொன்பதாவது இல்லை, முதலாவது என்றார் சிஸ்டர். வரிசையில் ஒரு பன்றிப் பண்ணைக்காரர் பொறுமையிழந்து தலையை நீட்டினார். “என்ன சிஸ்டர், எங்களுக்கெல்லாம் ஊசி போடப் போறீங்களா?”

“தேவைப்பட்டா போடுவேன். திரும்பி நில்லுங்க.”

பன்றிப் பண்ணைக்காரர் தலையை இழுத்துக்கொண்டார்.

மாமா பெருமூச்சு விட்டு ஜாக்கியை எடுத்தார். சக்கரத்தைக் கழற்றி மறுபடி தொட்டியில் முக்குவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. வீல் கப்பின் டேக்கை வெட்டக் கத்தியை நீட்டியபோது சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கழட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் அவுத்துட்டுப் பாக்குறீங்க. உடுத்தியிருக்கறப்பதான் அழுவுது. அப்படியே பாருங்க.”

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிங்கா எழுந்து வந்து வாசலில் நின்றாள். சிஸ்டர் சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வீல் கப்பின் இடுக்கு வழியாக விட்டு வால்வின் அடியில் ஒற்றினார். எல்லோரும் குனிந்தார்கள். பால் பொங்குவதற்கு முன்னால் ஓரத்தில் கட்டுமே, அந்த மாதிரி நுண்ணிய நுரை, மெல்ல மெல்ல வந்தது. ஒரு டேக் வால்வை ஒட்டி வளைந்து அதன் ரப்பர் அடியை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. மற்ற மூன்று சக்கரங்களில் டேக் வேறு துளை வழியாகப் போயிருந்தது. இதில் மட்டும் இப்படி.

சிஸ்டர் கையை நீட்டினார். மாமா கத்தியைக் கொடுத்தார். டேக்கை வெட்டியதும் வால்வு நிமிர்ந்தது. நுரை நின்றது.

“தொட்டியில எப்படிங்க தெரியும்?” என்றார் பன்றிப் பண்ணைக்காரர் மெதுவாக. “இவர்தான் வெட்டிட்டு முக்குவாரே.”

மாமாவின் காது சிவந்தது. புது வால்வு போட்டு, டேக்கை எதிர்த் துளை வழியாகக் கட்டினார். உபசாரமாகச் செய்ததுதான் மூன்று வாரமாகக் காற்றைக் குடித்திருக்கிறது. அதையும் பதினெட்டு வண்டிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். மதியத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். உள்ளே போகும் வழியில் ஜன்னலருகே நின்று, கிங்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வால்வு பழசு, மாத்தியாச்சுன்னு எழுதிக் குடு.”

கிங்கா சீட்டுக் கட்டை இழுத்தாள். பேனா ‘வால்வு’ வரைக்கும் ஓடியது, அங்கே நின்றது. பழைய வால்வு என்றால் பழைய வண்டி. டாக்டர் அதைத்தான் படிப்பார். படித்துவிட்டு வழியை ஒரே கோட்டில் அடித்துவிடுவார். உண்மையை எழுதினால், அது சொந்த மாமாவின் கடை முத்திரையோடு மாமாவைப் பற்றியே எழுதிய தாளாக இருக்கும். அவளைப் படிக்க வைத்தவர் மாமா. ஆரம்பப் பள்ளியில் வீட்டில் பேசும் ஹங்கேரிய மொழி, பிறகு வணிகப் பள்ளியில் அலுவலகங்களுக்கு வேண்டிய செர்பிய மொழி, எல்லாம் அவர் செலவு. மூன்று பொய்ச் சீட்டுகளை எழுதியதும் இதே கைதான். பொய் என்று தெரியாமல் எழுதினாள் என்பது வேறு விஷயம்.

அவள் அந்தச் சீட்டைக் கிழித்தாள். புதுச் சீட்டை எடுத்து, தேதியை மட்டும் எழுதினாள்.

சிஸ்டர் முழங்காலில் காயாத சேற்றோடு ஜன்னலருகே வந்து நின்றார். மாமாவுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“நான் செர்பியன்ல எழுதினா டாக்டர் சிவப்புப் பேனாவால சுழிச்சு வெச்சிடுறாரு. நீ ரெண்டும் படிச்சவ. நீயும்தான் பாத்தே. பாத்தத அவருக்குப் புரியற மாதிரி எழுதிக் குடும்மா. உங்க மாமாவப் பாத்து யாரும் சிரிக்காத மாதிரி எழுது. ஆனா அதுல ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. வண்டிய ஓரமா எடுத்து விடுறேன். அவசரமில்ல, யோசிச்சு எழுது.”