யாரும் பேசாத இரண்டு லைன்கள்

ஹட்டனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். பெரிய டொக்டர்மார் கண்டியிலிருந்து வந்து போவார்கள். முன் மேசையில் ஓர் அக்காவும் ஓர் இளம் பிள்ளையுமாக இரண்டு பேர், இரண்டு டெலிபோன் லைன். எப்போது அடித்தாலும் பிஸி என்று சனங்கள் ஏசத் தொடங்கியதும் மெனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மூணாவது லைன் தேவையான்னு பார்த்து எழுதிக் குடுங்க. அப்படியே, மேசையில ஆள் கூடிப்போச்சான்னும் பாருங்க."

பின்னால் சொன்னதை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். ஆனால் முன் மேசை அக்காவின் காதில் அதுதான் விழுந்தது. அவர் வட்டவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அவருடையது மட்டும்தான். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே, "தம்பி, நம்மள வீட்டுக்கு அனுப்புற மாதிரி எழுதிறாதீங்க" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

வருகிற அழைப்புகளைப் பதிந்து வைக்கிற டெலிபோன் பெட்டியிலிருந்து எடுத்த தாள்களைப் பார்த்ததும் தலை சுற்றியது. காலையில் இரண்டு லைனும் மூச்சுவிட நேரமில்லாமல் நிரம்பியிருக்கின்றன. பேசிய நேரமோ அநேகமாகப் பூச்சியம். பேசாமல் லைனைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? மழைத்தண்ணீர் வயருக்குள் இறங்கிவிட்டதோ என்று டெலிபோன் வயர் திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயரில் ஒன்றுமில்லை என்று சிங்களத்தில் சொல்லி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். கணக்கில் புலி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு வேறு. திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு பனிமூட்டமான காலையில் மேசைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். போன் அடித்தது. அக்கா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் அடுத்தது அடித்தது. அதையும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எடுத்துப் பேசுனா என்னக்கா, கையா தேஞ்சிரும்?"

"டொக்டர் இன்னும் வரலீங்களே தம்பி. எடுத்தா கூப்பிடுற சனங்களுக்குத்தானே காசு போகும்? நாங்க எடுக்கலன்னா டொக்டர் வரலன்னு தெரிஞ்சுக்குவாங்க. வந்துட்டா எடுத்து 'வாங்க'ன்னு சொல்லுவோம். அக்கரப்பத்தனையில இருந்து வந்து சும்மா ஒக்காந்திருக்க முடியுங்களா? அது வரைக்கும் மலையில தேயிலைக் கொழுந்தாச்சும் எடுப்பாங்க."

இந்த ஏற்பாட்டை யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். அக்காவுக்கும் தெரியவில்லை.

என் குழப்பம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். லைன்கள் உண்மையிலேயே நிரம்பித்தான் இருக்கின்றன, மூன்றாவது கட்டாயம் வேண்டும் என்று காரணத்தோடு எழுதினேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டதாக உள்ளூர ஒரு சந்தோஷம். மெனேஜர் முழுவதையும் நிதானமாக வாசித்தார்.

"நல்லா பார்த்திருக்கீங்க. லைன் எடுப்போம். ஆனா, எடுக்காத போனுக்கு முன்னால ரெண்டு பேர் எதுக்கு?"

இரண்டு பேரில் சம்பளம் கூடியவர் அக்கா. நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. பிழை எங்கே என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கடைசி நாள் அக்கா என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அந்தப் புள்ளகிட்ட சொல்லிருங்க தம்பி, டொக்டர் வர்ற வரைக்கும் போனை எடுக்க வேணாம்னு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். இனி அடிக்கிற ஒவ்வொரு போனையும் எடுத்தே ஆக வேண்டும் என்று மெனேஜர் காலையிலேயே உத்தரவு போட்டிருந்தார்.