லைனை நிறுத்தும் கயிறு

மரக்காணத்தில் கார் மியூசியம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். உப்புக்காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே உதிர்ந்துபோகும் ஊரில் கார் கம்பெனி வைத்த புண்ணியவான் யாரென்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் திண்டிவனம் ரோட்டில் அந்த ஷெட் இருந்தது, நான் அங்கே வேலை பார்த்தேன். இப்போது அதைத்தான் மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள்.

பழக்கதோஷம், தொழிலாளிகள் வரும் பின்பக்க வாசல் வழியாகவே நுழைந்தேன். ரப்பரும் பசையும் கலந்த கார்ப்பெட் வாசனை இன்னும் போகவில்லை. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி, தலைக்கு மேல் தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்தது. வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு பாட்டு. அவர்கள் சிரித்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு போர்டு. எந்தத் தொழிலாளியும் இதை இழுத்து, கார்கள் நகரும் லைனை நிறுத்தலாமாம். நிறுத்தலாம், யார் வேண்டாம் என்றது? இழுத்தவரை ஷெட்டின் கோடியிலிருக்கும் கண்ணாடி அறைக்குக் கூப்பிடுவார்கள். அந்த அறைக்குள் போன கான்ட்ராக்ட் பிள்ளைகள் மறுநாள் கம்பெனி பஸ்ஸில் வரமாட்டார்கள்.

எனக்கு இந்த நியாயம் புரிந்ததே இல்லை. உப்பளத்தில் வளர்ந்தவள் நான். அங்கே மேகத்தை முதலில் பார்த்தவர் கத்த வேண்டும். எல்லோரும் ஓடிவந்து உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூடுவார்கள். மழை ஏமாற்றினாலும் கத்தியவரைத் திட்டமாட்டார்கள். பார்த்தும் சும்மா இருந்தவருக்குத்தான் வசவு. என் அம்மா ஒரு கோடை முழுக்க வராத மழைக்குக் கத்தியிருக்கிறாள்.

என்னோடு வேலை பார்த்த ஷாஹிதா கூனிமேட்டில் கம்பெனி பஸ் ஏறி எனக்கும் இடம் பிடித்து வைப்பாள். சரியான வாயாடி. பெல்ட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் காருக்குள் குனிந்து கார்ப்பெட் விரிப்பது எங்கள் வேலை. அடுத்த இடத்தில் ஒரு இரும்புக் கை சீட்டைத் தூக்கி உள்ளே வைக்கும். உள்ளே ஆள் இருப்பது அதற்குத் தெரியாது.

ஒருநாள் அவளுடைய யூனிஃபார்ம் கோட்டின் கை ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறாள், வரவில்லை. கார் நகர்கிறது. இரும்புக் கை சீட்டோடு வருகிறது. வாயாடி கத்தவே இல்லை, என்னைப் பார்த்தாள். கயிற்றை இழுத்தேன் என்பதைவிட அதில் தொங்கினேன் என்பதே சரி.

பாட்டு வந்தது. சீட்டு அவள் முதுகைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சூப்பர்வைசர் வந்தார். "யாரும்மா இழுத்தது?"

"நான்தான் சார்" என்றேன். அதே நொடியில் காருக்குள்ளிருந்து ஷாஹிதா, "அவ இல்ல சார், நான்" என்றாள். கோட்டு மாட்டிக் கிடப்பவளுக்குக் கயிறு எப்படி எட்டும்? ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியாது அவளுக்கு.

அவர் இருவரையும் பார்த்தார். "லைன ஓட்டுங்க. ரெண்டு பேரையும் அப்புறம் கூப்புடுறேன்."

கூப்பிடவே இல்லை. அதுதான் கொடுமை. கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் ஒரே நாளோடு போயிருக்கும். கண்ணாடிக் கதவு அசைந்தாலே வேலையை விட்டுவிட்டு அங்கேயே பார்ப்பேன். பஸ்ஸில் ஷாஹிதா என் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் அதையே சொல்வாள். "கூப்ட்டா ரெண்டு பேரும் சேந்தே போவோம்டி. தனியா போயிடாத."

கடைசியில் கம்பெனியையே மூடினார்கள். பெல்ட்டைக் கழற்றி விற்றார்கள். பஸ் நின்றுபோனது. ஷாஹிதா கல்யாணமாகி ஷார்ஜா போனாள். அந்த சூப்பர்வைசர் எங்கே இருக்கிறாரோ, தெரியாது.

ஜோடி நகர்ந்ததும் நானும் கயிற்றைத் தொட்டேன். என்ன தைரியமோ, இழுத்தும்விட்டேன். பாட்டு வந்தது. நிற்பதற்கு அங்கே எதுவும் ஓடவில்லை. ஆனாலும் கண் தானாகக் கோடிக்குப் போனது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, டிக்கெட் எடுக்காம வந்துட்டீங்களா? கொஞ்சம் இங்க வாங்க."

டிக்கெட்டுக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. இருந்தும் பாதி தூரம் போனதும் நின்று திரும்பிப் பார்த்தேன், ஷாஹிதா பின்னால் வருகிறாளா என்று.